பேதுருவுக்கு மூன்று வரி

பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள்ளிருந்து தாளம் வந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் வரிசையில் ஆறாவதாக நின்றுகொண்டிருந்தேன். டக், டக்டக், டக். யாரோ விரல் முட்டியால் மரப்பலகையைத் தட்டுகிற சத்தம். கூடவே ஒரு முணுமுணுப்பு. வார்த்தை பிடிபடவில்லை, ஆனால் வேகமாக, ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் திரும்பி என்னை முறைத்தார். கோயில் பாட்டுக் குழுவை, கொயரை நடத்துகிறவள் நான். அதனால் கோயிலுக்குள் எங்கே தாளம் கேட்டாலும் அதற்கு நான்தான் ஜவாப்தாரி என்று எங்கள் பங்கு ஜனங்களுக்கு எண்ணம்.

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவன் எங்கள் கொயரில் ரிதம் பேட் வாசிக்கிறவன். அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவனைப்போல முகம் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் பீடத்துக்கு முன்னால் போய் முழங்காலிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவத்தைக்கூடவா ஒருத்தன் தாளம் போட்டுச் சொல்வான்?

அவன் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் பங்கில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. இளசுகளுக்கு அவன் ‘ஹிப்ஹாப்’. பெரியவர்களுக்கு ‘அந்தத் தாளக்காரன்’. அப்போது இருபத்தெட்டு வயது. மேலப்புதூர்ப் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் விரலில்தான் எழுத்தாகும். அவன் ஊரை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. பழைய நம்பருக்குப் போட்டால் வேறு யாரோ எடுக்கிறார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடியலில், தூக்கம் முழுதாகக் கலையாத நேரத்தில், எங்கோ ஒரு பலகையில் அந்த விரல்கள் தட்டுவது எனக்குக் கேட்கிறது. எழுந்து உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டிக்கொண்டிருக்கும்.

அந்த விரல்கள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பெஞ்சின் முதுகு, பைக் டேங்க், டீக்கடை மேசை, தன் தொடை, எது கிடைத்தாலும் தட்டுவான். வாயைத் திறந்துதான் பார்த்ததில்லை. டீக்கடையில் ஒரு விரல் காட்டுவான், டீ வரும். கொயர் ஒத்திகையில் ஏதாவது கேட்டால் புருவத்தைத் தூக்குவான், இல்லாவிட்டால் கட்டைவிரல். ஆனால் வீட்டுக்குப் போனதும் வாட்ஸ்அப்பில் அவனைப்போல வாயாடி கிடையாது. பக்கம் பக்கமாக எழுதுவான். நேரில் பார்க்கும்போது ஊமைச்சாமி, போனில் பிரசங்கி. திமிர் என்று முடிவு கட்டினேன். ஒருத்தரைப் பற்றி முடிவு கட்டுவதில் நான் எப்போதும் படுவேகம்.

அப்படி ஒரு ராத்திரி நீளமாக ஒரு செய்தி அனுப்பியிருந்தான். காணிக்கைப் பாட்டில் இரண்டாவது சரணத்துக்குப் பிறகு பதினாறு வரி ராப் சேர்க்கலாமா அக்கா, தனியாக நான் சொல்கிறேன் என்று. அந்தப் பதினாறு வரியும் கூடவே வந்திருந்தது. படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது. இது கோயில், காலேஜ் கல்ச்சுரல்ஸ் இல்லை என்று பதில் போட்டேன்.

அவன் விடவில்லை. ஹிப்ஹாப் பிறந்தது ஏழை ஜனங்களின் தெருவில், நம்ம ஆண்டவர் பிறந்தது மாட்டுக்கொட்டகையில், ரெண்டு பேருக்கும் அறிமுகம் தேவையில்லை அக்கா என்று எழுதினான். அந்தப் பாட்டிலெல்லாம் கெட்ட வார்த்தையும் சாராயமும்தானே என்றேன். வார்த்தை நம்மளோடதுதானே அக்கா, தாளம் என்ன பாவம் செஞ்சுது என்று கேட்டான். எனக்குப் பதினெட்டு வயதில், கோயிலுக்குள் கிதாரைக் கொண்டுபோனதற்காக, அன்றைய கொயர் மாஸ்டர் என்னை மூன்று வாரம் தள்ளி வைத்திருந்தார். அதை அவனிடம் சொல்லாமல் போனை அணைத்து வைத்தேன்.

அந்த வருஷப் பெரிய வெள்ளியன்று விஷயம் முற்றியது. பெரிய வியாழன் சாயங்காலப் பூசையோடு எங்கள் கோயில் மணி வாயை மூடிக்கொள்ளும். மறுபடி ஈஸ்டருக்குத்தான் அடிப்பார்கள். நடுவில் ஜனங்களைக் கூப்பிட வேண்டுமென்றால் ஒரு மரக்கட்டையில் இன்னொரு கட்டையால் தட்டிக்கொண்டு யாராவது தெருத்தெருவாகப் போவார்கள். அந்த வருஷம் அந்த வேலை அவனுக்கு வாய்த்தது. மத்தியானம் இரண்டு மணி வெயிலில் கிளம்பினான். முதல் தெருவில் ஒழுங்காகத்தான் தட்டினானாம். இரண்டாவது தெருவில் நடைக்கு ஏற்றாற்போல் தட்டு மாறியது. மூன்றாவது தெருவுக்குள் அவன் நுழையும்போது பின்னால் இருபது குழந்தைகள், எல்லோருக்கும் ஒரே காலடி. யாரும் சிரிக்கவில்லை, ஆடவில்லை, வெறுமனே நடந்தார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மாவு மில்லுக்கு எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று அழுதுவிட்டு, சிலுவையில ஆணி அடிக்கிற சத்தம் மாதிரியே இருந்துச்சு என்றாராம். பங்குக் கவுன்சில் தலைவரின் காதுக்கு மட்டும் அது குத்துப்பாட்டாகக் கேட்டது.

ஈஸ்டர் முடிந்த கையோடு கவுன்சில் கூட்டம். ஹிப்ஹாப்புக்குக் கோயிலில் இடம் உண்டா என்பதுதான் அன்றைக்குப் பேச்சு. தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. கெட்டவர் இல்லை. தவக்காலம் நாற்பது நாளும் ஒருவேளைதான் சாப்பிடுவார். பக்தி என்றால் அமைதி, அமைதியைக் கெடுப்பது சைத்தான் என்று அவர் மனதார நம்பினார். பேசி முடித்துவிட்டு, தம்பி, உங்க பக்கம் என்ன சொல்றீங்க, தாராளமாச் சொல்லுங்க என்று அவனைப் பார்த்துக் கேட்டார்.

அவன் எழுந்தான். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. பத்து எண்ணுகிற நேரம் அப்படியே நின்றான். பிறகு குனிந்து மேசையில் விரலால் தட்ட ஆரம்பித்தான். நாலு தட்டு ஆனதும், அந்தத் தட்டின் மேலேயே ஏறி நின்று, ஒரு வார்த்தை தடுக்காமல் சொன்னான்.

“மன்னிக்கணும் பெரியவங்க, மரியாதைக் குறைவில்லீங்க, என்னால முடிஞ்ச பாஷையில எங்கப்பனக் கூப்பிட்டேங்க.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். தலைவர் முகம் கறுத்துவிட்டது. தன்னைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்துவிட்டார். இங்கேயே இப்படியென்றால் பீடத்துக்குப் பக்கத்தில் நின்றால் என்ன செய்ய மாட்டான் என்று கேட்டார். கோயிலுக்குள் ராப் கூடாது, மைக் பக்கம் தாளம் போடக் கூடாது என்று தீர்மானம் எழுதினார்கள். பங்குத்தந்தை மட்டும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தான்.

உண்மை எனக்குத் தெரிந்தது மார்கழியில், ஒரு டவுன் பஸ்ஸில். காலைப் பூசை முடிந்து, திருவானைக்காவலில் கூட வேலை பார்க்கும் டீச்சர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் அவன். ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி ரூமில் குடியிருந்தான். வழக்கமாகப் பாலம் தாண்டியதும் மாம்பழச்சாலையில் இறங்கி மீதித் தூரம் நடப்பான். நடக்கப் பிடிக்கும்போல என்று நினைத்திருந்தேன். அன்றைக்குக் கண்டக்டர் புதியவர். மாம்பழச்சாலை என்று அவன் முணுமுணுத்ததும், இது அங்கே நிற்காது, அடுத்து எங்கே என்று சொல்லுங்க என்றார்.

அவன் கழுத்து நரம்பு புடைத்தது. ‘ஸ்’ என்று ஒரு சத்தம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கண் இறுக மூடிக்கொண்டது. பின்னால் ஒருவர், சொல்லுப்பா சீக்கிரம் என்றார். இன்னொருவர் சிரித்தார். அவன் விரல் முன்சீட்டுக் கம்பியைத் தேடியது. டக், டக்டக், டக். நாலாவது தட்டில், ‘ஸ்ரீரங்கம் ஒண்ணு குடுங்கண்ணே’ என்று வழுக்கிக்கொண்டு வந்தது.

பஸ் பாலத்தில் ஏறியது. கீழே காவேரி முழுக்கப் பனி, தண்ணீர் எது பனி எது என்று தெரியவில்லை. மலைக்கோட்டை தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் நின்றது. எனக்குத் தொட்டியில் கேட்ட தாளமும், மேசையில் கேட்ட தாளமும், எங்கள் எல்லோருடைய சிரிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக நினைவுக்கு வந்தன. திருவானைக்காவலுக்கு வாங்கிய டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே ஸ்ரீரங்கத்தில் இறங்கினேன். மன்னிச்சிருப்பா என்றேன்.

அம்மா மண்டபத்துப் படித்துறை வரை நடந்தோம். அவன் படியில் உட்கார்ந்து கல்லைத் தட்டித் தட்டித்தான் பேசினான். சின்ன வயதிலிருந்தே திக்குமாம். கும்பலோடு ஜெபமாலை சொன்னால் திக்காது. கொயரோடு பாடினால் திக்காது. தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் தொண்டையில் கதவு சாத்திக்கொள்ளும். பதினாலு வயதில் யாரோ கொடுத்த போனில் முதல்முறை ராப் கேட்டிருக்கிறான். கூடவே சொல்லிப் பார்த்திருக்கிறான். கதவு திறந்திருக்கிறது. அன்று வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து, அதுவரை தனியாக ஒருமுறைகூட முழுதாகச் சொல்ல முடியாத கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தாளத்தில் போட்டுச் சொன்னானாம்.

“பீட்டு இருந்தா நான் தனியா இல்லக்கா. அவ்வளவுதான் விஷயம்.”

ஏன் இதைக் கவுன்சிலில் சொல்லவில்லை என்று கேட்டேன். பரிதாபப்பட்டு இடம் கொடுத்தால் எனக்குக் கொடுத்ததாக ஆகும், பாட்டுக்குக் கொடுத்ததாக ஆகாதே என்றான். அந்தக் கர்வம் எனக்குப் பிடித்திருந்தது.

அவனுடைய வீட்டுக்காரர், பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர், ஒரு நாள் இவன் மொட்டைமாடியில் பைபிளின் திருப்பாடல் ஒன்றை ராப்பாகச் சொல்லிக்கொண்டிருந்ததைத் துணி காயப்போட வந்தபோது கேட்டிருக்கிறார். என்ன சேவிக்கறேள், பாசுரமா என்று விசாரித்திருக்கிறார். இவன் தாளத்தோடு விளக்கிச் சொன்னான். அவர் சொன்னதை அதே குரலில் எனக்குச் சொல்லிக் காட்டினான்.

“எங்க கோஷ்டியிலயும் ஒருத்தருக்குத் திக்கும். வீட்டுல காபி கேக்கறதுக்குள்ள காபி ஆறிடும். கோஷ்டில நின்னுட்டா திக்கவே திக்காது. ரெண்டு பக்கமும் ஆள் இருக்கோன்னோ.”

அதற்குப் பிறகு வீதிப் புறப்பாடு வரும்போதெல்லாம் இவன் ஓரமாக நின்று, முன்னால் இரண்டு வரிசையாகச் சேவித்துக்கொண்டு போகிறவர்களில் அந்த ஒருத்தர் யாரென்று தேடுவானாம். கண்டுபிடிக்கவே முடியாது அக்கா, எல்லாரும் ஒரே குரல் என்றான். சொல்லும்போது அவன் கண் ஆற்றின்மேல் இருந்தது. பனி விலகி, அக்கரை மெல்ல வந்துகொண்டிருந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் செய்திருக்க வேண்டியது, நேராகக் கவுன்சிலில் போய்ச் சண்டை போடுவது. செய்யவில்லை. நான் கோழை. பதிலாக ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். குருத்து ஞாயிறு அன்று ஆண்டவர் பட்ட பாடுகளின் வரலாற்றைப் பங்கு பிரித்து வாசிப்போம். இயேசுவின் வரிகள் பங்குத்தந்தைக்கு, கதை சொல்வது ஒரு கன்னியாஸ்திரிக்கு, மற்றவர்களின் வரிகள் எங்களுக்கு. பேதுருவை அவனுக்குக் கொடுத்தேன். மூன்றே வரி, மூன்றும் சின்ன வரி, தனியாக மைக் முன்னால் நின்று கோயிலில் பேசிய மாதிரியும் ஆகும் என்று கணக்குப் போட்டேன். தாளம் மட்டும் வேண்டாம், மைக் பக்கம் தட்டக் கூடாதென்று தீர்மானம் இருக்கிறது, தலைவர் முதல் பெஞ்சிலேயே இருப்பார் என்று கேட்டுக்கொண்டேன். கட்டைவிரலைக் காட்டினான். அந்த மூன்று வரி என்னென்ன என்பதை நான் யோசிக்கவே இல்லை. வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு மரத்துப்போன காது.

குருத்து ஞாயிறு வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. ஜனங்கள் குருத்தோலையால் விசிறிக்கொண்டு நின்றார்கள். ஓலைகளின் சலசலப்பில் கோயில் முழுக்க ஒரு தோப்புக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, சீடரான பேதுரு முற்றத்தில் தீக்காய்கிற இடத்துக்கு வாசிப்பு வந்தது. பணிப்பெண், இவனும் அவரோடு இருந்தவன்தான் என்றாள். அவன் மைக்குக்கு முன்னால் நின்றான். இரண்டு கையும் பின்னால் கட்டியிருந்தான். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அவரைத் தெரியாது என்கிற அந்த வரி துண்டு துண்டாக, கல்லை உருட்டுகிற மாதிரி வந்தது. ஓலைச் சலசலப்பு நின்றுவிட்டது. இரண்டாவது முறை இன்னும் நேரம் எடுத்தது. அவன் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. முதல் பெஞ்சில் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கவுன்சில் கூட்டத்தில் நடந்தது என்ன என்பது அவருக்கு அந்த நிமிஷத்தில்தான் விளங்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி வந்தது. அவன் வாயைத் திறந்தான். கதவு சாத்திக்கொண்டது.

மேலே மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. அவன் கழுத்து நரம்பைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தீர்மானமாவது மண்ணாவது என்று கொயர் பெஞ்சில் என் விரல் முட்டியால் தட்டினேன். டக், டக்டக், டக். பஸ்ஸில் கேட்ட அதே தட்டு. கோயிலுக்குள் அது கணீரென்று கேட்டது. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். இறுகியிருந்த முகம் தளர்ந்தது. லேசாகச் சிரித்தான். பிறகு, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். வாயை மூடிக்கொண்டு, அந்த வரியைச் சொல்லாமலேயே நின்றான்.

கன்னியாஸ்திரி சற்று நேரம் காத்திருந்துவிட்டு, பேதுருவின் மூன்றாவது மறுப்போடு சேவல் கூவியதை வாசித்தார். ஆண்டவர் திரும்பிப் பேதுருவைப் பார்த்ததாக அடுத்து வரும். பங்குத்தந்தை உண்மையிலேயே திரும்பி அவனைப் பார்த்தார்.

பூசை முடிந்து, முற்றத்தில் மிதிபட்டுக் கிடந்த ஓலைகளுக்கு நடுவில் அவனைப் பிடித்தேன். தப்பு என் மேல்தான், அந்த வரிகளைப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன், ஆனால் நான்தான் தட்டினேனே, ஏன் சொல்லவில்லை என்றேன். தன் நெஞ்சில் தட்டிக்கொண்டு சொன்னான்.

“நீங்க தட்டினதும் வந்திருச்சுக்கா, நாக்கு நுனிக்கு வந்திருச்சு. ரெண்டு தரம் மென்னு முழுங்கிச் சொன்னேன். இந்தப் பீட்டுலதான் நான் அவர்கிட்ட பேசுவேன். அதே பீட்டுல அவரத் தெரியாதுன்னு எப்படிக்கா சொல்றது?”

எனக்கு அழுகை வந்தது. கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதேன். ஹிப்ஹாப்புக்கு விசுவாசத்தில் இடம் உண்டா என்று நாங்கள் மேசை போட்டு விவாதித்த கேள்விக்கு, அவன் ஒரு வரியை விழுங்கிப் பதில் சொல்லிவிட்டான்.

அன்றைக்கே பங்குத்தந்தையிடம் போனேன். அவன் சம்மதத்தோடு எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் அவர் பெருமூச்சு விட்டார். தொட்டிக்குள் கேட்டதில் எதையும் வெளியே காட்டிக்கொள்ள முடியாதம்மா, யாராவது வந்து சொல்ல மாட்டார்களா என்று ஒரு வருஷமாகக் காத்திருந்தேன் என்றார்.

ஈஸ்டர் கழிந்து இரண்டாவது வாரம். அன்றைய நற்செய்தியில் உயிர்த்தெழுந்தவர் விடிகாலை ஏரிக்கரையில் தீ மூட்டி மீன் சுட்டு வைத்துவிட்டுப் பேதுருவிடம் மூன்று முறை, என்மேல் உனக்கு அன்பிருக்கிறதா என்று கேட்பார். பங்குத்தந்தை அதை வாசித்துவிட்டுப் பிரசங்கம் செய்யவில்லை. அன்னைக்குப் பாக்கி வைத்த பேதுரு வரட்டும் என்றார். தலைவர் எழுந்து வெளியே போனார். பரிதாபம் வேறு, ஒழுங்கு வேறு என்பது அவர் கட்சி. இன்றுவரை அவர் என்னோடு பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

அவன் வாசகமேடைக்கு வந்தான். கை வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் போனது. நான் கொயரிலிருந்து எழுந்து போய், அந்தக் கையைப் பிடித்து மேடைப் பலகையில் வைத்தேன். ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தட்ட ஆரம்பித்தான். நாலாவது தட்டில் கதவு திறந்தது.

“வலை கிழிஞ்ச ஆளு நான், வாய் திக்கின ஆளு நான்,
அன்னைக்கொரு தீ முன்னால ஒன்ன மறந்த ஆளு நான்,
இன்னைக்கொரு தீ மூட்டி என்ன நீ கூப்பிட்டா
மூணு தரம் கேட்டாலும் முழுசாச் சொல்லும் ஆளு நான்…”

குரல் எல்லோருக்கும் கேட்டது. தட்டுதான் கடைசிப் பெஞ்சு வரை போகவில்லை. மைக்கின் கழுத்தை வளைத்து, அவன் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தேன்.